நான் மட்டக்கோல் பிடித்த வாரங்கள்

வெயில் ஏறிவிட்டிருந்தது. தில்லையடிக்கு அப்பால் உள்ள ஒரு குடியிருப்பின் ஒழுங்கையில், வடிகானின் ஓரமாக, என்னைவிட இரு மடங்கு உயரமான அலுமினிய மட்டக்கோலை இரண்டு கைகளாலும் பற்றியபடி நான் நின்றுகொண்டிருந்தேன். சற்றுத் தூரத்தில், முக்காலியில் பொருத்திய கருவிக்குப் பின்னால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு கசுன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான் என்பது பிழை. அவன் கோலில் இருந்த இலக்கங்களைப் பார்த்தான்.

“அங்கிள், கொஞ்சம் நேரா புடிங்க. ஆடுது.”

“ஆடவில்லை” என்றேன். ஆடிக்கொண்டுதான் இருந்தது.

பாண் விற்கும் முச்சக்கர வண்டி தன் வழக்கமான இசையோடு வந்து, எனக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தது. சாரதி தலையை வெளியே நீட்டினார்.

“எஞ்சினியர் ஹாஜியார்! என்ன, உங்களயே கம்பு புடிக்க விட்டுட்டாங்களா?”

நான் கோலை நிமிர்த்தினேன். முப்பத்தாறு வருட அரச சேவையில் நான் ஒரு நாளேனும் மட்டக்கோல் பிடித்தவனல்லன். அது தொழிலாளியின் வேலை. நான் கருவிக்குப் பின்னால் நிற்பவன். “இடப்பக்கம் சாய்” என்று கையால் சைகை காட்டுபவன்.

வடிகான் கட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ரிஸ்வானா தலையை நிமிர்த்தினாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. எங்கள் குழுவின் தலைவி.

“சேர், எங்கட கணக்கு மூடுது. பிளானோடதான் சேருதில்ல.”

“மறுபடியும் எடுப்போம்” என்றேன்.

“இது மூண்டாந்தரம் சேர்.”

அந்தப் பிளானின் வலப்பக்க மூலையில் இருந்தது என்னுடைய கையொப்பம்.

ஒரு பட்டம் பற்றிய விளக்கம்

இத்தொடரை வாசிக்கும் அன்பர்கள் சிலர் எனக்கு எழுதும் கடிதங்களில் ‘பொறியியலாளர்’ என்றே விளிக்கிறார்கள். இந்த அத்தியாயத்தில் அதைத் திருத்திவிட வேண்டியவனாகிறேன். நான் தொழினுட்பக் கல்லூரியில் டிப்ளோமா பெற்றவன். தொழினுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்து, அதே தொழிலில் ஓய்வு பெற்றவன். புத்தளம் என்னை எஞ்சினியர் என்று அழைக்கத் தொடங்கியபோது அதை நான் கேட்டு வாங்கவில்லை. வேண்டாம் என்று மறுத்ததும் இல்லை.

என் பேத்தியின் திருமண அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டம் அச்சாகி வந்தது. விருந்தன்று, மணமகன் வீட்டாரில் ஒருவர் எங்களுடைய சஹனில் வந்து உட்கார்ந்தார். அவர் மெய்யான பொறியியலாளர். ஒரே தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருவருடைய முகத்தை மற்றவர் பார்க்காமல் இருக்க முடியாது.

“சேர் எந்த பெச்?” என்று, நான் பல்கலைக்கழகத்தில் படித்த ஆண்டை அவர் மரியாதையாகவே கேட்டார்.

நான் இறைச்சியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, மழை எப்போது பிடிக்கும் என்று கேட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அது கேட்டதைவிட மோசமாக இருந்தது.

அடுத்த மாதம், தொலைக்கல்வி முறையில் பொறியியல் தொழினுட்ப இளமாணிப் பட்டத்துக்கு விண்ணப்பித்தேன். என் பழைய டிப்ளோமாவைக் கணக்கில் எடுத்து, சில பாடங்களிலிருந்து விலக்களித்தார்கள்.

பொறியியலுக்கும் பொறியியல் தொழினுட்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதுவரை ஒருவரும் எனக்கு விளங்கும்படி கூறியதில்லை. வழிகாட்டிக் கையேட்டில் அரைப் பக்கம் உண்டு. அதை நான் நான்கு தடவை வாசித்தேன். என் மனைவி ஒரு தடவைதான் கேட்டாள்.

“அப்ப இது முடிஞ்சா நீங்க எஞ்சினியரா?”

“ஏறத்தாழ.”

“ஏறத்தாழண்டா? அரவாசியா?”

விளங்காத வகுப்பறை

ஏனையவையும் எனக்குக் குழப்பமாகவே இருந்தன. ஒப்படைகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் வாங்குவதில்லை. படமெடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றியபின் அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்க ஓர் எழுதுவினைஞர் கிடையாது. இணையத்திலேயே நடக்கும் சிறு பரீட்சையில், நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் நேரம் முடிந்துவிட்டதாகத் திரை அறிவித்தது. விடை எனக்குத் தெரியும். தெரியும் என்பதை எவரிடம் சொல்வது?

எல்லாவற்றிலும் விசித்திரமானது குழுச் செயற்றிட்டம். மூவரோ நால்வரோ சேர்ந்து செய்யவேண்டும்; முடிவில் ஒருவருக்கு மற்றவர் புள்ளி போடவேண்டும். முதலாவது செயற்றிட்டத்தில் ‘ஒத்துழைப்பு’ என்ற தலைப்பின் கீழ் கசுன் எனக்கு ஐந்துக்கு மூன்று போட்டிருந்தான். சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, நல்ல குணம். ஏன் மூன்று என்று கேட்டேன்.

“அங்கிள் எல்லாம் சொல்லுது. ஒண்டும் தூக்கல்லதானே” என்றான், சிரித்துக்கொண்டே.

நில அளவைப் பாடத்துக்கான செயற்றிட்டத்தை ரிஸ்வானா தெரிவு செய்தாள். அவளுடைய பெற்றோர் மன்னார்ப் பக்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து, பின்னர் இந்தக் குடியிருப்பில் தங்கியவர்கள். அவள் இங்கேதான் பிறந்தாள். அவளுடைய ஒழுங்கையில் ஒவ்வொரு மாரியிலும் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். வடிகான் இருந்தும் தண்ணீர் ஏன் வடிவதில்லை என்பதே அவள் எடுத்துக்கொண்ட கேள்வி. அறிக்கை சரியாக அமைந்தால், ஒழுங்கை மக்கள் அதைத் தங்கள் மனுவோடு இணைத்து, வடிகானைப் புதிதாகப் போடும்படி கேட்க இருந்தார்கள்.

அந்த வடிகானுக்கு மட்டம் எடுத்தவன் யார் என்று அவளுக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருக்கவில்லை. என் வடிகானில் பிழை இராது என்று நான் உறுதியாக நம்பினேன்.

குப்பை பற்றிய கடிதம்

வாசகருக்கு இங்கே சிறிது விளக்கம் தேவை. அந்த மக்கள் ஓலைக் குடிசைகளிலிருந்து கல் வீடுகளுக்கு மாறிய காலத்தில், ஒழுங்கையிலிருந்து கடலோரக் களப்பு வரைக்கும் ஒரு வடிகான் அமைக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. களப்போரத்து மதகில் உயரம் குறித்த ஒரு கல் உண்டு. அங்கிருந்து புறப்பட்டு, கருவியையும் கோலையும் மாற்றி மாற்றி வைத்து, குடியிருப்பு வரைக்கும் மட்டம் எடுக்க வேண்டும். அதன்பின் அதேபோல் அளந்துகொண்டு புறப்பட்ட கல்லுக்கே திரும்ப வேண்டும். தொடங்கிய உயரமே மறுபடி கிடைத்தால் கணக்கு ‘மூடியது’ என்போம். திரும்பி வராத மட்டத்தை நம்பக்கூடாது என்பது இத்தொழிலின் முதற் பாடம்.

என் பிளானின்படி, குடியிருப்புப் பக்கம் களப்புப் பக்கத்தைவிட ஆறு அங்குலம் உயரம். வடிகான் அவ்வாறே கட்டப்பட்டது. முதல் மாரியிலேயே தண்ணீர் நின்றது. மக்கள் முறையிட்டார்கள். பதில் எழுதவேண்டிய உத்தியோகத்தர் நான். ‘வடிகான் பிளானுக்கு அமைவாகவே உள்ளது. குடியிருப்பாளர்கள் குப்பை கொட்டுவதே நீர் தேங்குவதற்குக் காரணம்’ என்று எழுதினேன்.

எனக்குப் பின் வந்தவர்களும் அதையே எழுதினார்கள். ரிஸ்வானா சேர்த்துவைத்திருந்த பழைய பதில்களை நான் பார்த்தேன். கையொப்பங்கள் வேறு. வசனம் என்னுடையது.

இப்போது நாங்கள் எடுத்த மட்டம் என்ன சொல்லிற்று? குடியிருப்புப் பக்கம் இரண்டு அங்குலம் தாழ்வு. அதாவது, இத்தனை வருடங்களாக அந்த வடிகான் தண்ணீரை மேட்டுக்கு ஏறும்படி கேட்டுக்கொண்டிருந்தது.

முதல் தடவை கருவியில் பிழை என்றேன். வேறு கருவி கொண்டுவந்தார்கள். இரண்டாவது தடவை கசுன் முக்காலியை உறுதியாக ஊன்றவில்லை என்றேன். மூன்றாவது தடவை, கோல் பிடிப்பவர்மீது எனக்கு நம்பிக்கையில்லை என்று கூறி, கோலை நானே வாங்கிக்கொண்டேன். அந்தக் காட்சியைத்தான் ஆரம்பத்தில் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து, பழைய களப் புத்தகத்தை எடுத்தேன். போன மட்டம் இருந்தது. வந்த மட்டமும் இருந்தது. என் கையெழுத்திலேயே, அழகாக மூடியிருந்தது. எனக்கு நிம்மதி வந்தது. சற்று நேரத்தில் அது போய்விட்டது.

போன மட்டத்தின் பக்கங்களில் வியர்வைக் கறை, வெட்டித் திருத்திய இலக்கங்கள், மடிப்பில் இன்னும் மணல். வந்த மட்டத்தின் பக்கம் சுத்தமாக இருந்தது. ஒரு திருத்தம் இல்லை.

மூடும் கணக்கை மேசையில் உட்கார்ந்து எழுதிய உத்தியோகத்தர்களை நான் அறிவேன். அவர்களைக் கண்டித்தும் இருக்கிறேன். நானும் அப்படிச் செய்தேனா? மனத்தை எவ்வளவு கசக்கினாலும் அந்த நாள் நினைவுக்கு வரவில்லை.

பள்ளிவாசல்துறையில்

அன்று எனக்குக் கோல் பிடித்தவர் மீராசா. ஓய்வு பெற்று, பள்ளிவாசல்துறையில் மகனுடைய தோணிக்கு வலை திருத்திக்கொண்டு இருக்கிறார். நான் போனபோது எழுந்து, தான் உட்கார்ந்திருந்த கதிரையையே துடைத்துத் தந்தார். பிளேன்டீ வந்தது. நேரே விடயத்துக்கு வந்தேன்.

“அந்த வடிகானுக்கு மட்டம் எடுத்த நாள் ஞாபகம் இருக்கிறதா?”

“மறப்பேனா சேர்? சேத்து மணலு. கோலு எறங்கிப் போவும். சிரட்டய கவுத்து வச்சி, அதுக்கு மேலதானே நிப்பாட்டினேன்.”

தேங்காய்ச் சிரட்டை! கோலுக்கு அடியில் வைப்பதற்குத் திணைக்களம் இரும்புத் தகடு தந்திருந்தது. அது கனம் என்று எவரும் சுமந்து போவதில்லை. இந்தக் கரையில் எல்லாருமே சிரட்டைதான் வைத்தார்கள். நானும் கண்டிருக்கிறேன், கண்டும் பேசாமல் இருந்திருக்கிறேன்.

“நான் கருவியைத் தூக்கி முன்னுக்கு வைக்கும்வரை, கோல் அசையாமல் இருந்ததா?”

“நான் எப்பவாச்சும் அசைச்சிரிக்கேனா? கோலுல சாஞ்சிக்கிட்டு ஒரு பீடி குடிப்பேன், அவ்வளவுதான். ரெண்டு மூணு சிரட்ட வெடிச்சிச்சி. வெடிச்சத எடுத்துட்டு வேற வச்சேன். உங்களத் தொந்தரவு பண்ணல்ல.”

அவர் அதைப் பெருமையாகவே கூறினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரே இடத்தில் நிற்கும் கோலை, கருவியை நகர்த்துமுன் ஒரு தடவையும் நகர்த்தியபின் ஒரு தடவையும் வாசிக்கிறோம். இரண்டுக்கும் இடையில் கோல் முக்கால் அங்குலம் இறங்கியிருந்தால், அதற்கப்பால் உள்ள நிலம் முழுவதும் புத்தகத்தில் அந்த அளவு உயர்ந்துவிடும். அவ்வாறு பத்துப் பன்னிரண்டு இடம். மேட்டை உண்டாக்கியது சிரட்டை. ஆனால் திரும்பி அளந்து வந்திருந்தால், அன்று மாலையே அது பிடிபட்டிருக்கும்.

“திரும்பி அளந்துகொண்டு வந்தோமா, மீராசா?”

“அன்டைக்கி ஜும்ஆவுக்கு பாங்கு சொல்லிட்டாங்க. கோல மடிச்சிட்டு ஜீப்புல ஏறினோம்.”

“மறுநாள்? சனிக்கிழமை?”

அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சேர் எழுதியிருந்தா போயிரிப்போம்.”

அதற்குமேல் அவரிடம் என்ன கேட்பது? அவருக்கு உண்மையில் ஞாபகம் இல்லையா, அல்லது என் முகத்தில் வேண்டிய விடையை வாசித்துத் தந்தாரா என்று, பஸ்ஸில் புத்தளம் வந்து சேரும்வரை யோசித்தேன். இன்றும் எனக்குத் தெளிவில்லை.

கல் அசைந்தது என்றால்

நேரில் நடக்கும் அடுத்த வகுப்புக்குப் போனபோது, ரிஸ்வானா எனக்காக நூலக வாசலில் காத்திருந்தாள். பிளானில் இருந்த கையொப்பம் யாருடையது என்று அவள் அதற்குள் கண்டுபிடித்துவிட்டாள்.

“சேர், ஒரு விசயம் கேக்கட்டோ? மதகில இருக்கிற கல்லு, ரோட்டுப் போடேக்க அசைஞ்சிருக்கும் எண்டு எழுதுவம். உங்கட பிளான் சரி, இப்ப கல்லுதான் பிழை எண்டு வரும். உங்கட பேர் வராது.”

“கல் அசைந்தால் இரண்டு முனைகளின் உயரமும் சேர்ந்தல்லவா மாறும்? இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எப்படி மாறும்?”

“தெரியும் சேர்.”

“தெரிந்துகொண்டா எழுதப் போகிறீர்?”

அவள் கொப்பியின் ஓரத்தைச் சுருட்டினாள்.

“உம்மாதான் சொன்னவ. பெரிய மனுசன்ட பேரைக் கெடுத்துப்போடாதை எண்டு.”

எவருடைய வீட்டுக்குள் ஒவ்வொரு மாரியிலும் தண்ணீர் வருகிறதோ, அந்தப் பெண் என் பெயரைக் காக்கச் சொல்லியிருக்கிறாள்.

பக்கத்தில் நின்ற கசுன் தலையைச் சொறிந்தான். “அங்கிள், கல் கதை போட்டா மார்க்ஸ் போகும். உண்மை போட்டா அங்கிள் போகும். நமக்கு ஹரி கஷ்டம், ரொம்ப கஷ்டம்.”

அவனை நான் முறைத்தேன். ஆனால் அவன் கூறியதில் குறைவும் இல்லை, கூடுதலும் இல்லை. கல்தான் பிழை என்று எழுதினால், என் பிளான் நிலைக்கும். பிளான் நிலைத்தால், குப்பைக் கடிதமும் நிலைக்கும். மனு அதே பதிலோடு திரும்பிவரும்.

மூன்று நாள் நான் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். என்ன எழுதுவது என்பதே என் குழப்பமாக இருந்தது. ‘நான் பொய்க் கணக்கு எழுதினேன்’ என்று எழுதலாம். ஆனால் அது நடந்ததா என்று எனக்குத் தெரியாது. ‘நான் எழுதவில்லை’ என்றும் எழுத முடியாது. அந்தப் பக்கம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் ஞாபகம் வேண்டியிருக்கிறது.

முடிவில் ஒரு பந்தி எழுதி, ரிஸ்வானாவிடம் கையளித்தேன்:

‘மூலப் பிளானின் மட்டங்கள் பிழையானவை. அவை திரும்பி அளந்து சரிபார்க்கப்பட்டதாகக் களப் புத்தகம் கூறுகிறது. சரிபார்த்த ஞாபகம் அவற்றை எடுத்த உத்தியோகத்தருக்கு இல்லை. அவ்வுத்தியோகத்தர் இக்குழுவின் உறுப்பினர். நீர் தேங்குவதற்குக் குப்பையே காரணம் எனக் கடிதம் எழுதியவரும் அவரே.’

களப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களையும் படமெடுத்துப் பின்னிணைப்பாகச் சேர்த்தேன். படத்தை இணையத்தில் ஏற்ற எனக்கு அரை மணித்தியாலம் சென்றது.

வாய்மொழிப் பரீட்சை

விரிவுரையாளர் என் மகனைவிட இளையவர். அறிக்கையைப் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் பந்தியில் நின்றார். கடைசி இரு வசனங்களை அவர் இன்னும் எட்டவில்லை.

“ஒரு உத்தியோகத்தர்மீது இப்படி எழுத முன்னம் அவரைச் சந்திச்சுக் கேட்டீங்களா? அவருக்கும் ஒரு பக்கம் இருக்குமே.”

ரிஸ்வானா என்னைப் பார்த்தாள். கசுன்தான் விரலை நீட்டினான். “சேர், இவர்தான்.”

விரிவுரையாளர் பாதி எழுந்தார், பின்னர் உட்கார்ந்தார். எனக்கு எந்தக் கேள்வி கேட்பது என்று அவர் தடுமாறினார். கடைசியில், அந்தப் பந்தி முப்பத்தோராம் பக்கத்தில் அல்ல, முதற் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று கூறி, அதற்காகப் புள்ளியைக் குறைத்தார். அவர் செய்தது சரி. மற்றைய இரு பிள்ளைகளுக்கும் சேர்த்துக் குறைந்ததுதான் எனக்கு வருத்தம்.

மனுவோடு இணைப்பதற்குக் கையொப்பமிட்ட பிரதி ஒன்று வேண்டும் என்று ரிஸ்வானா கேட்டாள். தபாலில் அனுப்பியிருக்கலாம். நானே எடுத்துக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று எனக்கே விளங்கவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழகியவனல்லன் நான்.

அவளுடைய தாயார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். படி மூன்று தடவை உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது; மூன்று நிறச் சீமெந்து.

“வாங்கோ சேர், இருங்கோ. பிள்ளை எல்லாம் வாசிச்சுக் காட்டினவள். எனக்கு ஒண்டுதான் விளங்கேல்ல.”

“கேளுங்கள்.”

“அப்ப குப்பையால இல்லையோ?”

“இல்லை.”

“கொஞ்சங்கூட?”

“குப்பை ஒன்றுமே இல்லாதிருந்தாலும் அந்தத் தண்ணீர் போயிருக்காது.”

அவர் திறந்த கதவினூடாக எதிர்வீட்டைப் பார்த்தார். மூடியிருந்த பச்சைக் கதவு.

“பரீதாவும் நானும் ஒரே வள்ளத்தில வந்தனாங்கள், சேர். அவ பேரப்பிள்ளையள்ட பம்பர்ஸைக் கானுக்குள்ள போடுறவ. அதாலதான் தண்ணி நிக்குது எண்டு சண்டை பிடிச்சனான். பொலிசுக்கும் போனனான். உங்கட ஒபிசில இருந்து வந்த கடிதத்தைக் காட்டித்தான் போனனான். பதினொரு வருசம் கதைக்கேல்ல.”

நான் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அறிக்கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் கையை நீட்டி அதை வாங்கினார்.

“எந்தப் பக்கம் சேர்?”

முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் அந்த இடத்தில் விரலை வைத்தபடியே அறிக்கையை மூடி, “ரிஸ்வானா, சேருக்குத் தேத்தண்ணி ஊத்து” என்று உள்ளே சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வடிகானைத் தாண்டிப் போனார்.

பச்சைக் கதவைத் தட்டினார். பதில் இல்லை. மறுபடியும் தட்டினார்.

“பரீதா, நான்தான். திற. எஞ்சினியர் எழுதித் தந்திருக்கிறார்.”

அவர் என்னை அப்படி அழைத்ததைத் திருத்த அது நேரமல்ல. உள்ளே எவரோ கதிரையை நகர்த்தும் சத்தம் கேட்டது. ரிஸ்வானா தேநீரைக் கொண்டுவந்து நீட்டி, “இருங்கோ சேர்” என்றாள். அந்தக் கதவு திறக்கும்வரை நான் உட்காரவில்லை.